இறக்கை நுனி இலகுவாக்கல் திட்டம்

மனிதகுலத்தின் முன்னேற்றம் என்பது வேறொன்றுமில்லை, கனத்தைக் குறைப்பதுதான். கல்லில் எழுதியவன் ஓலையில் எழுதினான். ஓலையில் எழுதியவன் காகிதத்தில் எழுதினான். இன்று எழுதுவதையே விட்டுவிட்டு ஒரு கண்ணாடித் துண்டை விரலால் தடவிக்கொண்டிருக்கிறான். இந்த மாபெரும் ஊர்வலத்தின் முன்வரிசையில், கையில் உப்புத்தாளோடு, ஒரு பார்சல் நிறுவனத்தின் புகார்ப் பிரிவு அதிகாரி நடந்துகொண்டிருந்தார். இது உலகத்துக்குத் தெரியாது. அவர் மனைவிக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், சாப்பாட்டு மேசையில் எங்கே கை வைத்தாலும் மரத்தூள் ஒட்டுகிறது என்பதுதான்.

அலுவலகத்தில் அவருக்குத் 'தக்கை சார்' என்று பெயர். அவருடைய சட்டைக் காலரில் எந்நேரமும் ஒரு வெள்ளைச் செதில் உட்கார்ந்திருக்கும். அது பால்சா. பால்சா என்பது ஒரு மரம். ஆனால் மரம் என்று சொல்லிக்கொள்ள அதற்கே கூச்சமாக இருக்கும், அவ்வளவு லேசு. ஒரு கட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினால், வைத்தோமா இல்லையா என்று சந்தேகம் வந்துவிடும். அதை அறுத்து, செதுக்கி, ஒட்டி, மாதிரி விமானம் செய்துகொண்டிருந்தார் தக்கை சார். இயந்திரம் கிடையாது. கயிறு கட்டி இழுத்து மேலே ஏற்றிவிட்டால், கயிற்றை உதறிவிட்டுத் தானாக மிதக்கும் ரகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்கு வெளியே உள்ள மைதானத்தில் இப்படிப்பட்டவர்கள் கூடுவார்கள். எல்லோருக்கும் கழுத்து வலி உண்டு.

தக்கை சாரின் விமானத்துக்கு ஒரு குணம் இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால், கோபித்துக்கொண்டு போன சம்பந்தி மாதிரி, திரும்பி வரவே வராது. அப்படியே சாய்ந்து சாய்ந்து போய்த் தரையில் முட்டிக்கொள்ளும். அவர் அதைக் கையிலெடுத்துக்கொண்டு மரக்கட்டை விற்கும் கடைக்காரரிடம் போனார். கடைக்காரர் இறக்கையை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார்.

"நுனி கனம் சார்."

"ரெண்டு நுனியும் ஒரே எடைதானே? நானே சரிபார்த்தேனே."

"ரெண்டும் ஒரே அளவுக்குக் கனம். அதான் வம்பே. நடுவுல எவ்வளவு கனம் இருந்தாலும் தாங்கிக்கும். ஓரத்துல இருந்தா சாய்ஞ்சது நிமிராது. தண்ணி வாளியை மார்போட அணைச்சுத் தூக்கிப் பாருங்க. அப்புறம் கையை நீட்டித் தூக்கிப் பாருங்க. தெரியும்."

அன்று மாலை மனைவி வேலை முடிந்து வந்தபோது, தக்கை சார் கூடத்தின் நடுவில் வாளியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, கை நடுங்க, முகம் சிவக்க நின்றுகொண்டிருந்தார். தரை முழுக்கத் தண்ணீர்.

"என்னங்க இது?"

"புரிஞ்சுபோச்சு!"

"எனக்குப் புரியல. துடைப்பம் அங்க இருக்கு."

அவளும் அதே பார்சல் நிறுவனத்தில்தான் வேலை பார்த்தாள். அவர் தலைமை அலுவலகம். அவள் ஊர் எல்லையில் இருந்த கிளை. பார்சலை வாங்கி, நிறுத்து, கட்டி, முகவரி ஒட்டி அனுப்புகிற வேலை. அதாவது, அந்த நிறுவனத்தில் வேலை என்று ஒன்று நடந்த இடங்களில் அதுவும் ஒன்று.

நுனியை இலகுவாக்கும் பணி உடனடியாகத் தொடங்கியது. முதல் கட்டமாக, முழுக் கட்டையில் செதுக்கியிருந்த பழைய நுனிகளைக் கழற்றி, உள்பக்கம் குடைந்தார். குடையக் குடைய லேசானது. லேசாக ஆக ஆசை கூடியது. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு சுரண்டல் என்று குடைந்துகொண்டே போய், கடைசியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் விரலின் நிழல் தெரிகிற அளவுக்கு மெல்லியதாக்கி, பெருமிதத்தோடு தூக்கிப் பார்த்தபோது, பெருவிரல் அந்தப் பக்கம் வந்துவிட்டது.

அவர் தளரவில்லை. இரண்டாம் கட்டமாக, கட்டையையே கைவிட்டார். பால்சாவை நாடா நாடாவாக அறுத்து, தண்ணீரில் ஊறவைத்து, வளைத்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை தடவி அட்டை அச்சைச் சுற்றி ஒட்டுவது. காய்ந்ததும் வில் மாதிரி நிற்கும். உள்ளே இரண்டு மூன்று மெல்லிய குறுக்குச் சட்டம், மேலே மெல்லிய காகிதம். எல்லாம் காற்றுதான்; விளிம்பு மட்டும்தான் மரம். ஊறவைக்க நீளமான பாத்திரம் வேண்டியிருந்தது.

"குளிக்கிற தொட்டியில என்னங்க ஊறுது?" என்று மனைவி உள்ளேயிருந்து கேட்டாள்.

"நுனி."

"எதோட நுனி?"

"இறக்கையோட."

"நான் எங்க குளிக்கிறது?"

"கொஞ்சம் பொறு. மரம் மனசு வச்சு வளையணும்."

"மரம் வளையும். நீங்க வளைய மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்து வீட்டுக்குத் துண்டோடு போனாள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் நுனி அச்சிலிருந்து கழன்று வந்த அன்று அவள்தான் அதை முதலில் கையில் வாங்கினாள். மேல்நோக்கிச் சற்றே வளைந்து, காகிதத் தோல் போர்த்தி, மூச்சு விட்டால் நகர்ந்தது. "அட, அழகாத்தான் இருக்கு" என்றாள். தக்கை சாருக்குத் திருமணம் ஆனதிலிருந்து அப்படியொரு சான்றிதழ் கிடைத்ததில்லை.

வீட்டில் அதை நிறுக்க வழியில்லை. சமையலறைத் தராசு அந்த நுனியைக் கண்டுகொள்ளவே இல்லை. அலுவலகத்திலோ கடித உறை நிறுக்கும் நுண்தராசு ஒன்று, யாரும் தொடாமல், தூசு தட்டாமல் இருந்தது. ஆகவே நுனிகள் அலுவலகம் சென்றன. நிறுத்துப் பார்த்ததில் இடது நுனி வலதைவிட ஒரு துளி கூடுதல். உடனே மேசைக்கடியில் வைத்து உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினார். அப்போதுதானா தொலைபேசி அடிக்க வேண்டும்?

"என் நாற்காலி நாலு காலோட அனுப்பினேன் சார், மூணு காலோட போய்ச் சேர்ந்திருக்கு!" என்றது மறுமுனை.

"உங்க வேதனை எங்களுக்கு நல்லாவே புரியுதுங்க" என்றார் தக்கை சார், தேய்த்தபடி. சர்ர்... சர்ர்...

"ஹலோ, லைன்ல என்ன சத்தம்?"

"உங்க புகாரைத்தான் சீர் பண்ணிக்கிட்டிருக்கோம்."

நிமிர்ந்தால் எதிரே இயக்குநர் நின்றுகொண்டிருந்தார்.

இயக்குநர் அன்றுதான் ஒரு கடற்கரை விடுதியில் நடந்த நிர்வாகப் பயிற்சி முகாமிலிருந்து திரும்பியிருந்தார். முகாமில் தந்த பனியனைக் கோட்டுக்குள் போட்டிருந்தார். அதில் 'மெலிவே வலிவு' என்று எழுதியிருந்தது. அது அவருடைய வயிற்றின் மேல் நன்றாக விரிந்து, தூரத்திலிருந்தே படிக்கும்படி இருந்தது. அவருக்குப் பின்னால் துணை இயக்குநர். அவருக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு: 'ஆமா சார்'.

"என்ன இது?" என்றார் இயக்குநர்.

வேலை போயிற்று என்று தக்கை சார் முடிவு செய்துவிட்டார். போவதுதான் போகிறது, உண்மையைச் சொல்லிவிட்டே போவோம் என்று நுனியை மேசை மேல் வைத்து, வாளியிலிருந்து ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல இயக்குநரின் கண் கலங்கியது.

"ஓரத்துல கனம் இருந்தா..."

"நிமிராது சார்."

"நடுவுல இருந்தா?"

"பரவாயில்ல சார்."

இயக்குநர் நுனியை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "முகாம்ல அவ்வளவு செலவு பண்ணி அவங்க சொல்லத் தெரியாம திண்டாடினதை இந்த மனுஷன் மேசைக்கடியில வச்சிருக்காரு!"

"ஆமா சார்" என்றார் ஆமா சார்.

சில நாளில் பெரிய கூட்ட அரங்கில் 'இறக்கை நுனி தரும் நிர்வாகப் பாடம்' என்ற தலைப்பில் தக்கை சார் பேசினார். அவர் பேசியது முழுக்க விமானம்தான். பசையை மெல்லிசாகப் பூச வேண்டும், நுனியில் கூடும் ஒரு சொட்டுப் பசை நடுவில் கூடும் ஒரு கைப்பிடிக்குச் சமம் என்று சொன்னபோது, அரங்கில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து கைதட்டினார்கள். இயக்குநர் மேடைக்கு வந்தார்.

"நம்ம நிறுவனமும் ஒரு விமானம்தான். இதுல நடுவுல யாரு இருக்கோம்?"

"நாமதான் சார்."

"ஓரத்துல?"

ஆமா சார் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். தலைமை அலுவலகம் நடுவில் பெரிய சிவப்பு வட்டமாக இருந்தது. கிளைகள் விளிம்பில் சிறு புள்ளிகளாக இருந்தன. "கிளைங்க சார்."

"இலகுவாக்குங்க!"

தக்கை சாருக்கு எங்கோ சுருக்கென்றது. 'சார், இறக்கை தூக்குறதே...' என்று வாயெடுத்தார். அதற்குள் இயக்குநர் அவருடைய தோளில் கைபோட்டு, அவரை 'முதன்மை இலகுவாக்கல் ஆலோசகர்' என்று அறிவித்தார். கூடவே தனி அறை. ஜன்னலோடு. நீளமான மேசையோடு. அந்த மேசையில் இறக்கையை முழுசாக விரித்து வைத்து வேலை செய்யலாம் என்று அவருடைய கண் அளந்துவிட்டது. வாய் மூடிக்கொண்டது. கிளைகளை இலகுவாக்குவது என்றால் பழைய பீரோக்களை எடுத்துப் போடுவார்களாயிருக்கும் என்று, வீட்டில் மூச்சு விடாமல், தனக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். நல்ல சமாதானம், மெல்லியது, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்காதவரை ஓட்டை தெரியாது.

பீரோக்கள் எதையும் யாரும் எடுக்கவில்லை. அவை கனமாக இருந்தன.

ஒரு மாலை மனைவி சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். கையில் அவளுடைய தண்ணீர் பாட்டில், மேசை மேல் வைத்திருந்த சின்னச் செடி, அலுவலகச் செருப்பு. தக்கை சார் நுனியைச் செருகும் மூங்கில் குச்சியைச் சீவிக்கொண்டிருந்தார். நுனி உடைந்தால் கழற்றி மாற்ற வசதியாக அந்த ஏற்பாடு.

"என்ன, இவ்வளவு சீக்கிரம்?"

"என்னை இலகுவாக்கிட்டாங்க."

குச்சி கீழே விழுந்தது.

"எங்க கிளை மொத்தத்தையும்தான். மேலேருந்து ஒருத்தர் வந்து சிரிச்ச முகமாச் சொன்னாரு. வாழ்த்துக்கள், நீங்க இலகுவாயிட்டீங்கன்னாரு. எதுக்குன்னு கேட்டோம். இறக்கை நுனியிலேருந்து பாடம் படிச்சாங்களாம். யாரோ ஒரு மேதை கண்டுபிடிச்சுக் கூட்டத்துல சொன்னாராம்." அவள் செடியை ஜன்னலில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அவருடைய முகத்தைப் பார்த்தாள். மேசையில் இருந்த நுனியைப் பார்த்தாள். மறுபடி முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதானா அந்த மேதை?"

அவர் குனிந்து குச்சியைப் பொறுக்கினார். அவள் சத்தம் போடுவாள் என்று காத்திருந்தார். அவள் நாற்காலியில் இருந்த மரத்தூளைத் தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். இந்த நுனி இல்லாமலே உங்க விமானம் பறக்குமா?"

"சேச்சே! அதெப்படி? ஓரத்துல சாய்ஞ்சா நிமிர்த்தறதே நுனிதான். மேல வளைஞ்சிருக்கில்ல, எதுக்குன்னு நினைச்சே? காத்து கீழேருந்து வழிஞ்சு ஓடிடாம பாத்துக்கறதும் அதுதான்." விமானம் என்றதும் அவருக்கு எல்லாம் மறந்துவிட்டது. "நுனியை லேசாக்கறதே அது அதோட வேலையை நல்லா செய்யணும்னுதான்."

"இதைக் கூட்டத்துல சொன்னீங்களா?"

"அவங்க கேக்கல."

"நீங்க சொல்லியிருந்தாத்தானே அவங்க கேக்காம இருக்க முடியும்?"

அதன் பிறகு அவள் படுக்கப் போகும்வரை சாதாரணமாகப் பேசினாள். உப்பு போதுமா என்று கேட்டாள், ஜன்னலைச் சாத்தச் சொன்னாள். அந்தச் சாதாரணம்தான் அவரை அறுத்தது. தனி அறையும் நீள மேசையும் மறுநாள் முதல் அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கே தொலைபேசியும் அடிக்கவில்லை. பார்சலை வாங்க எந்தக் கிளையிலும் ஆளில்லாததால் பார்சல் இல்லை, பார்சல் இல்லாததால் புகார் இல்லை. புகாரே இல்லாத மாதம் என்று அவருடைய பழைய புகார்ப் பிரிவுக்கு ஒரு வெற்றிக் கோப்பை கொடுத்தார்கள்.

இயக்குநர் ஆவலோடு காத்திருந்தது விமானத்தைப் பார்க்கத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைமை அலுவலகம் திரண்டு மைதானத்துக்கு வந்தது. எல்லோரும் 'மெலிவே வலிவு' பனியன் அணிந்திருந்தார்கள். புகைப்படக்காரர் வந்திருந்தார். தக்கை சாரின் மனைவியும் வந்திருந்தாள், குடையோடு, சற்றுத் தள்ளி.

விமானத்தைக் கயிற்றில் ஏற்றினார் தக்கை சார். கயிறு கழன்றதும் அது ஒரு கணம் யோசித்தது. காற்று இடது இறக்கையைத் தூக்கியது, அது சாய்ந்தது, புது நுனி அதை மெல்ல, தோளைத் தட்டி எழுப்புவது போல, நிமிர்த்தியது. பிறகு பெரிய வட்டம் போட்டு, வெயிலில் காகிதம் மினுங்க, சத்தமே இல்லாமல் மிதந்தது. அவர் கயிற்றைச் சுருட்டக்கூட மறந்து நின்றார். தள்ளி நின்ற மனைவி குடையை மடக்கிவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தார்.

விமானம் புல்லில் வந்து உட்கார்ந்ததும் கைதட்டல் எழுந்தது.

"பாத்தீங்களா? இலகுவாக்கினதுக்கே இப்படின்னா..." என்று இயக்குநர் தொடங்கினார்.

"ஆமா சார்."

"சார்," என்றார் தக்கை சார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "நாம நம்ம நிறுவனத்துல செஞ்சதை அப்படியே இதுலயும் செஞ்சு காட்டட்டுமா?"

இயக்குநர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். தக்கை சார் குனிந்து, இடது நுனியை உருவினார். வலது நுனியை உருவினார். எத்தனையோ நாள் வளைத்து, ஒட்டி, தேய்த்து, ஒரு துளி எடைக்காக உயிரை விட்ட அந்த இரண்டையும் மனைவியின் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மொட்டை இறக்கையோடு விமானம் மேலே ஏறியது. கயிறு கழன்றது. கொஞ்ச தூரம் போயிற்று. காற்று வந்தது. சாய்ந்தது. நிமிர்த்த யாருமில்லை. சாய்ந்தபடியே சுழன்று வந்து, இயக்குநருக்கு நாலடி முன்னால் மண்ணில் குத்தி, மூக்குப் பிளந்தது.

பிளந்த மூக்கிலிருந்து ஒரு சாம்பல் நிற உருண்டை உருண்டு வந்து இயக்குநரின் காலணியில் மோதி நின்றது.

"என்னது இது?"

"ஈயம் சார்."

"இது என்ன வேலை செய்யும்?"

"ஒரு வேலையும் செய்யாது சார். காத்தைப் பிடிக்காது, தூக்காது, திருப்பாது. எல்லாத்துக்கும் முன்னாடி சும்மா உக்காந்திருக்கும். கனமா இருக்கறது மட்டும்தான் அதோட வேலை. அதைச் சேத்துத் தூக்கிட்டுப் போறது இறக்கையோட வேலை."

ஊழியர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தங்கள் காலணிகளைக் கவனிக்கத் தொடங்கினார்கள். எங்கோ ஒரு சிரிப்பு வெடித்து உடனே இருமலாக மாறியது. சற்றுத் தள்ளி நின்ற ஒரு பெண் மட்டும் இருமலாக மாற்றவில்லை, வாய்விட்டுச் சிரித்தாள்.

இயக்குநர் ஈயத்தைக் கையிலெடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "இது இல்லாம பறக்குமா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் தக்கை சாருக்கு விமானத்தைப் பற்றிப் பொய் சொல்ல வராது. "பறக்காது சார். வால் கீழ போயிடும். முன்னாடி கனம் வேணும்."

"அப்படிச் சொல்லுங்க!" இயக்குநரின் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் புரியுது அது ஏன் விழுந்துச்சுன்னு. நுனியால இல்ல. ஈயம் பத்தல!"

"ஆமா சார்!" என்றார் ஆமா சார், முன்னெப்போதும் இல்லாத நம்பிக்கையோடு.

"சார், நுனி..."

"நுனி இல்லாமலும் கொஞ்ச தூரம் போச்சா இல்லையா? என் ரெண்டு கண்ணால பாத்தேன். ஈயம் இல்லன்னா அதுவும் போகாதுன்னு நீங்களே சொல்றீங்க. எழுதிக்கோங்க: தலையில கனம் கூட்டணும்."

ஆமா சார் எழுதிக்கொண்டார். இடம் குறைவாக இருந்ததால் சுருக்கமாகத் 'தலைக்கனம்' என்று எழுதினார். புகைப்படக்காரர் ஈயத்தோடு இயக்குநரைப் படம் பிடித்தார்.

தக்கை சார் அந்த வாரமே இலகுவாக்கப்பட்டார். அவருக்கும் வாழ்த்துச் சொன்னார்கள். மனைவியும் அவளோடு வெளியேறியவர்களும் சேர்ந்து, மூடிக் கிடந்த அதே கிளையின் பக்கத்துக் கடையை வாடகைக்கு எடுத்து, இன்னொரு நிறுவனத்துக்குப் பார்சல் பிடித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் அங்கே போய் முகவரிச் சீட்டு ஒட்டுகிறார். பசையை மெல்லிசாகப் பூசுவதில் அவருக்கு நிகரில்லை என்று அங்கே எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். கட்டும் கயிற்றின் கனத்தைப் பற்றி அவர் பேசத் தொடங்கினால் மட்டும் மனைவி அவரை டீ வாங்கிவர அனுப்பிவிடுகிறாள்.

பழைய நிறுவனத்தில் தலைக்கனம் திட்டமிட்டபடி கூட்டப்பட்டுவிட்டது. இயக்குநருக்கு மேல் ஒரு பெரிய இயக்குநர், இருவருக்கும் பக்கத்தில் இணை இயக்குநர்கள், அவர்களுக்கு ஆளுக்கொரு ஆமா சார் என்று முன்பகுதி நிரம்பி வழிகிறது. நிறுவனம் இப்போது மூக்கு கீழே, வால் மேலே என்கிற கம்பீரமான கோணத்தில் மிக வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதை இயக்குநர் 'முன்னேற்றம்' என்கிறார். 'இல்லை சார், விழுந்துகொண்டிருக்கிறோம்' என்று சொல்லக்கூடியவர்கள் எல்லோரையும் இலகுவாக்கியாகிவிட்டது.